மண்ணெண்ணெய் முடிந்த இடம்

இரவு பன்னிரண்டே கால்.
பெரியகல்லாற்றில் இந்த நேரம் விழித்திருப்பது
கடலும், சந்தியில் ஒரு நாயும்,
மகளுக்காகக் கார்ட்டூன் சோதிக்கும் நானும்.

பழைய படம். கையால் வரைந்தது.
நிலவைப் புல்வெளி என்று நினைத்து
மலையேறும் ஓர் ஆட்டுக்குட்டி.
என் ஆறாவது வயதில்
ஆறு தரமாவது பார்த்திருப்பேன்.
நிதுர்ஷாவுக்கு நாலு முடியப் போகிறது,
அவளும் பார்க்கட்டும் என்று
பென் ட்றைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
சும்மா ஒருக்கா ஓட்டிப் பார்ப்பம் என்று இருந்தேன்.

முப்பத்தெட்டாம் நிமிடம்
கொட்டில் எரிகிறது.
தாயாடு உள்ளே.
நாற்பத்தொரு வினாடி. பிறகு எண்ணிப் பார்த்தேன்.
வரைந்தவன் அவசரப்படவே இல்லை.
முதலில் வைக்கோல்,
மறுகா கயிறு,
மறுகா கழுத்து மணி,
கடைசியாக மணியின் நாக்கு.

இந்தக் காட்சி எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்த படத்தில்
குட்டி தாயின் வயிற்றோடு தூங்கும்.
அடுத்ததாகப் பனியில் தனியே நடக்கும்.
தாய் எங்கே என்று நாங்கள் சண்டை பிடிப்போம்.
சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நிற்குது என்பான் விமலகாந்தன்.
இல்லை, படுவான்கரைக்குப் போனது,
குருமண்வெளித் துறையில் மறித்து வைத்திருக்கிறாங்கள் என்பாள் அக்கா.
இரண்டும் நடக்கக்கூடியதுதான்.
படம் முடியுமட்டும் நாங்கள் அதைக் காத்திருந்தோம்.

கரண்ட் இல்லாத காலம்.
பூபாலபிள்ளையின் வளவில் ஜெனரேற்றர், டெக்,
ஆளுக்கு இரண்டு ரூபா.
அந்த இடம் வரும்போது மெஷின் இருமும், நிற்கும்.
"எண்ணெய் முடிஞ்சு.
எல்லாரும் ஒண்டுக்கு இருந்திட்டு வாங்க."
இருட்டில் வேலியோரம் வரிசையாக நிற்போம்,
யாருடையது தூரம் போகுது என்று போட்டி.
திரும்பி வந்தால்
திரையில் பனி பெய்துகொண்டிருக்கும்.

ஆறு தரமும்
அதே இடத்திலா எண்ணெய் முடியும்?

நைட் டியூட்டி முடிந்து வந்த மனைவியிடம் சொன்னேன்.
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்:
"சோறு தீத்தக்குள்ள
சாக்குக்காரன் வாறான் எண்டு வெருட்டுறது ஆரு?
இப்ப ஒரு ஆட்டுக்கு யோசிக்கிறீங்க."

வியாழக்கிழமை, களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி,
சீனி வருத்தக் கிளினிக் வாங்கில் பூபாலபிள்ளை.
பக்கத்தில் இருந்து கேட்டேன்.
கனநேரம் என்னைப் பார்த்தார்.
"ஆடா? எந்த ஆடு மனே?
அந்த நாளையில ஒரு போத்தல் எண்ணெய்
என்ன விலை தெரியுமா உனக்கு?
முடிஞ்சா முடிஞ்சதுதான்."
நம்பர் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனார்.
நன்றி சொல்ல என்று கொண்டுபோன முகத்தை
கிளினிக் கொப்பி போல மடித்து
சேர்ட் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை, பொழுது பட்ட பிறகு
படத்தைப் போட்டேன்.
நிதுர்ஷா பாயில். மடியில் பிஸ்கட் பெட்டி.
குட்டி வழுக்கி விழும்போதெல்லாம் சிரித்தாள்,
நிலவுக்கு "மா" என்று பதில் சொன்னாள்.
முப்பத்தேழாம் நிமிடம்
நான் எழும்பிக் கதவுக்குப் பின்னால் போய்
மெயின் சுவிட்சில் கை வைத்தேன்.

நாலு வயதுக்குத் தீ தெரியக்கூடாதா?
ஆறு வயதில் எங்களுக்குத் தெரியாமலா இருந்தது,
வேலிக்கு அப்பால் எரிவது
வைக்கோலா, வீடா என்று
மணத்தை வைத்தே சொல்லுவோமே.
அப்படியென்றால் பூபாலபிள்ளை எதை மறைத்தார்?
மறைத்தாரா?

திரையில் தாயாடு தலையைத் தூக்கியது.

டக்.

ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.
"கரண்ட் போச்சு மகள்.
ஒண்டுக்கு இருந்திட்டு வருவமா?"

கொஞ்ச நேரம் பிஸ்கட் கடிக்கும் சத்தம் மட்டும்.
பிறகு யன்னல் பக்கமிருந்து:
"அப்பா,
சுகந்தி மாமி வீட்ட
லைற் எரியுதே."